ஈரமணலில் தளபதியின் தடம்

தினமும் விடியலில் ஆற்றங்கரையோடு இரண்டு காதம் ஓடுவதாகத் தளபதி மாறவேள் அரசரிடம் பீற்றிக்கொள்வார். அரண்மனைக்குத் துணி வெளுக்கும் சடைச்சி ஒருநாள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"நான் இன்று ஓடியதை நீ பார்க்கவில்லை. எப்படி ஓடினேன் என்று சொல். தவறினால் ஊரைவிட்டுப் போ," என்றார் தளபதி.

சடைச்சி அரசரையே ஈரமணலுக்கு அழைத்துப் போனாள்.

"அரண்மனை மாடம் தெரியுற வரைக்கும் விரல் அழுந்தியிருக்கு, அடிக்கு அடி தூரமாயிருக்கு. நல்லாவே ஓடியிருக்கார், சாமி. வளைவு தாண்டினதும் குதிகால் பதியுது, இடைவெளி குறையுது. நடந்திருக்கார்."

"அதற்கப்புறம்?" என்றார் அரசர்.

"கிட்டக்கிட்ட, ரொம்ப ஆழமான அடி. மூச்சு முட்டுற உழைப்பு. ஆனா எட்டுக் கால் தெரியுது, சாமி. அதுல ஒண்ணுகூடத் தளபதியோடது இல்ல. அவரு பல்லக்குல இருந்திருக்கார்."

மறுநாள் விடியலில் தளபதியோடு ஓட அரசரும் வந்து நின்றார்.