நண்டு வேஷம் கட்டிய பெருச்சாளி

கொன்றைக் குளத்து நண்டுகளுக்கும் பெருச்சாளிகளுக்கும் பேச்சு நின்றுபோய் ரொம்ப நாளாகிவிட்டது. கரையின் வடக்குப் பக்கம் நண்டுகள் இருந்தன. தெற்குப் பக்கம் பெருச்சாளிகள் இருந்தன. நடுவில் கரை உடைந்து கிடந்தது. சண்டையே அந்த உடைப்பைப் பற்றித்தான்.

போன மழையில் கரை உடைந்து தண்ணீரெல்லாம் ஓடிப்போயிற்று. “பெருச்சாளிங்க வளை தோண்டித்தான் கரை போச்சு!” என்றன நண்டுகள். “நண்டுங்க துளை போட்டுத்தான் போச்சு!” என்றன பெருச்சாளிகள். தவளைகளும் நத்தைகளும் நண்டுகள் பக்கம் சேர்ந்துகொண்டன. அணில்களும் முயல்களும் பெருச்சாளிகள் பக்கம் சேர்ந்துகொண்டன. உடைப்பை அடைக்க மட்டும் யாரும் ஒரு பிடி மண் போடவில்லை. உடைத்தவர்கள்தானே அடைக்க வேண்டும்? மண் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? ரொம்ப நல்ல நியாயம்! அந்த நியாயத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் தாகத்தோடு உட்கார்ந்திருந்தன.

குளத்தின் நடுவே ஒரு மடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அதில் வரிச்சி என்ற விரால் மீன் தன் குஞ்சுகளோடு வாழ்ந்தது. குஞ்சுகள் சிவப்புச் சிவப்பாக, ஒரே கொத்தாக, அம்மாவைச் சுற்றியே நீந்தும்.

மடுவுக்கு மேலே ஒரு கருவேல மரம். அதில் வாலன் என்ற கரிச்சான் குருவி குடியிருந்தது. வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். எந்தப் பறவையின் குரலையும் அப்படியே எடுத்துப் பேசும். கதை சொல்வதென்றால் அதற்குச் சாப்பாடுகூட வேண்டாம். தன் கதையைத் தானே மெச்சிக்கொள்ளும் குணமும் கொஞ்சம் உண்டு.

ஒரு நாள் வரிச்சி தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது.

“வாலா, தம்பி, கேளு. இந்த மழையும் உடைப்பு வழியாப் போயிட்டா நானும் என் பிள்ளைங்களும் இருக்க மாட்டோம். உங்களுக்கு இறக்கை இருக்கு, கால் இருக்கு. வேற குளம் பார்த்துப் போயிடுவீங்க. நான் இதுங்களை எதுல அள்ளிக்கிட்டுப் போவேன்?”

வாலனுக்கு வரிச்சி என்றால் உயிர். தன் கதைகளை முகம் சுளிக்காமல் கேட்கிற ஒரே ஆள் வரிச்சிதானே!

“கவலைப்படாதீங்க அக்கா. நான் போய் அவங்ககிட்ட கதை சொல்றேன். கதை கேட்டா யாருக்கும் மனசு இளகிடும்!”

வாலன் வடக்குப் பக்கம் பறந்தது. நண்டுகள் முறைத்துப் பார்த்தன. அந்த முறைப்பைக் கண்டதும் வாலன் இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. சரி, இவர்களுக்குப் பிடித்த மாதிரியே சொல்லிவிடுவோம் என்று ஒரு கதையை எடுத்துவிட்டது. அந்தக் கதையில் நண்டு பெரிய வீரன். பெருச்சாளி பயந்தாங்கொள்ளி. நண்டுகள் கொடுக்குகளைத் தட்டி ஆரவாரம் செய்தன.

பிறகு தெற்குப் பக்கம் போனது. அதே கதைதான். இங்கே பெருச்சாளி வீரனாகிவிட்டது, நண்டு பயந்தாங்கொள்ளியாகிவிட்டது. பெருச்சாளிகள் வாலால் தரையை அடித்துக் கொண்டாடின.

வாலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தது. “அக்கா, ரெண்டு பக்கமும் என்ன வரவேற்பு தெரியுமா!”

“வரவேற்பு இருக்கட்டும் தம்பி. உடைப்பை அடைச்சாங்களா?”

வாலன் உடைப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தது. வீரக் கதை கேட்டுச் சூடேறிய நண்டுக் குஞ்சுகளும் பெருச்சாளிக் குட்டிகளும் அங்கே நின்று ஒன்றன்மேல் ஒன்று மண்ணை வாரி எறிந்துகொண்டிருந்தன. இதுவரை வெறும் முறைப்புதான் இருந்தது. இப்போது அடிதடியும் வந்துவிட்டது.

“ஐயோ!” என்றது வாலன்.

வரிச்சி திட்டவில்லை. “அவங்கவங்களுக்கு ஒரு கதை சொல்லிட்டே. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து கேக்குற மாதிரி ஒண்ணு உங்கிட்ட இல்லையா?” என்று கேட்டது.

“இல்லையே அக்கா.” உண்மையைச் சொல்ல வாலனுக்கு வெட்கமாக இருந்தது. கீழே குஞ்சுகள் சேற்றை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க அதற்கு நெஞ்சு பதறியது. அன்று ஒரு பூச்சியைக்கூடப் பிடிக்காமல் யோசித்தது.

மறுநாள் காலையில் வாலன் தண்டோரா போட்டது. குயில் குரலில் ஒரு தடவை, மயில் குரலில் ஒரு தடவை.

“நம்ம குளத்துக் கரையில கூத்து! நண்டும் பெருச்சாளியும் வர்ற கூத்து! கரை உடைஞ்ச கதை!”

நண்டுகளின் தலைவி செங்காலி உடைப்பின் இந்த ஓரத்துக்கு ஓடி வந்தது. பெருச்சாளிகளின் தலைவன் தொப்பையன் அந்த ஓரத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

“அப்ப பெருச்சாளிங்க வண்டவாளம் வெளியே வரட்டும்!” என்றது செங்காலி.

“நண்டுங்க வண்டவாளம்தான் வரும்!” என்றது தொப்பையன்.

“ஒரே ஒரு நிபந்தனை,” என்றது வாலன். “பெருச்சாளி வேஷத்தைச் செங்காலி அக்கா கட்டணும். நண்டு வேஷத்தைத் தொப்பையன் அண்ணன் கட்டணும்.”

இரண்டும் திகைத்து நின்றன. பிறகு இரண்டின் கண்களிலும் ஒரே குசும்பு மின்னியது.

‘நான் பெருச்சாளியா நடிச்சா அவன் மானம் கப்பலேறிடும்!’ என்று நினைத்தது செங்காலி. ‘நான் நண்டா நடிச்சா அவ வெளியே தலைகாட்ட முடியாது!’ என்று நினைத்தது தொப்பையன். ஆக, இரண்டும் உடனே ஒப்புக்கொண்டன. நல்லெண்ணத்தில் இல்லை, கெட்ட எண்ணத்தில்தான். இருந்தாலும் ஒப்புக்கொண்டனவே! வாலனுக்கு அது போதும்.

எங்கே ஆடுவது என்று அடுத்த தகராறு வந்தது. நண்டுகள் தெற்கே வராது. பெருச்சாளிகள் வடக்கே போகாது. கடைசியில் உடைப்பிலேயே ஆடுவதென்று முடிவாயிற்று. அது ஒன்றுதான் யாருக்கும் சொந்தமில்லாத இடம்.

ஒத்திகை தொடங்கியது. தொப்பையன் நண்டைப் போலப் பக்கவாட்டில் நடக்கப் பார்த்தது. தன் வாலைத் தானே மிதித்துப் பொத்தென்று விழுந்தது. செங்காலி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. தொப்பையன் எழுந்து மறுபடி நடந்து மறுபடி விழுந்தது. இப்போது செங்காலிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏய், நிறுத்து! எந்த நண்டாவது இப்படி நடக்குமா? எங்க குலத்துக்கே அவமானம்! முதல்ல இந்தக் காலைத் தூக்கு. அப்புறம் அதை இழு. உடம்பைத் தாழ்த்து!”

“நீ மட்டும் ஒழுங்கா? மூக்கை ஆட்டச் சொன்னா கொடுக்கை ஆட்டுறே! மோப்பம் பிடிக்கிறதுன்னா சும்மாவா? இங்க பாரு!”

கேலி செய்ய வந்தவை ஒன்றுக்கொன்று பாடம் எடுக்கத் தொடங்கின. தன்னைப் போல நடிப்பவர் தப்பாக நடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு நாள் தொப்பையன் பாதியில் நின்றுவிட்டது. “இந்த இடத்துல நண்டு கரையில துளை போடுதுன்னு வாலன் சொல்றான். ஏன் போடுது? காரணம் தெரியாம நான் எப்படி நடிக்கிறது?”

செங்காலி மெதுவாகச் சொன்னது. “வெயில்ல எங்க குஞ்சுங்க காய்ஞ்சு செத்துடும். கரைக்குள்ள ஈரம் இருக்கும். அதுக்குத்தான். நீங்க ஏன் வளை தோண்டுனீங்க?”

“மழை வந்தா வயல்ல இருக்குற எங்க வளையெல்லாம் நிறைஞ்சிடும். குட்டிங்க மூழ்கிடும். கரை மேடா இருந்துச்சு. அதான்.”

அன்று அதற்கு மேல் ஒத்திகை நடக்கவில்லை. இரண்டும் சும்மா உட்கார்ந்திருந்தன.

இதற்குள் தவளைகள் முறையிட்டன. “பின்னாடி உட்கார்ந்தா ஒண்ணும் தெரியாது. மேடை போடுங்க!” பெருச்சாளிகள் மண்ணைத் தோண்டித் தள்ளின. மண் சரிந்தது. நண்டுகள் ஈரக் களிமண்ணை உருட்டி வந்து பூசின. மண் நின்றது. “இன்னும் கொஞ்சம் உயரம்!” என்றன நத்தைகள். “இன்னும் அகலம்!” என்றன முயல்கள். மேடை வளர்ந்து உடைப்பு முழுவதையும் நிரப்பிவிட்டது.

அதைக் கரை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பிடி மண் விழுந்திருக்காது! இதெல்லாம் தன்னுடைய திட்டம்தான் என்று வாலன் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தது. நம்பாதீர்கள்.

கூத்து நாளும் வந்தது. சாயங்காலம் வானம் கறுத்திருந்தது. செங்காலி நாணல் பூவை மீசையாக ஒட்டிக்கொண்டு மேடைக்கு வந்தது. தொப்பையன் முன்னங்கால்களில் புங்கங்காய்களைக் கொடுக்காகக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் அழகாக நடந்து வந்தது. “அம்மா, அது நம்ம மாமாவா?” என்று ஒரு நண்டுக் குஞ்சு கேட்டது. இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தன.

பிறகு துளை போடும் இடம் வந்தது. தொப்பையன் மேடை நடுவில் நின்றது.

“என் குஞ்சுங்க வெயில்ல காயுது. கொஞ்சம் ஈரம்தானே கேட்டேன்? இவ்வளவு பெரிய கரையில என் ஒரு துளையா பெரிசு?”

செங்காலி இந்தப் பக்கம் திரும்பியது. “என் குட்டிங்க மழையில மூழ்குது. ஒதுங்க மேடான இடம்தானே தேடினேன்? என் ஒரு வளையிலயா கரை போயிடும்?”

அங்கிருந்து துளை வந்தது. இங்கிருந்து வளை வந்தது. கரைக்குள்ளே இரண்டும் சந்தித்தன. வாலன் வெள்ளத்தைப் போலச் சோவென்று குரல் கொடுத்தபடி நடுவில் பாய்ந்தது. கூத்தில் கரை உடைந்தது.

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. தங்கள் மனசில் இருந்ததை எதிரியின் வாயால் கேட்டு நண்டுகள் கலங்கிப்போயின. பெருச்சாளிகளுக்கும் கண் நிறைந்தது. தப்பு இருவருடையதும்தான், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து நிஜ மழை கொட்டியது. குளத்துக்கு வரும் ஓடையில் வெள்ளம் வந்தது. மடு நிரம்பி, தண்ணீர் ஏறி மேடையை முட்டியது.

“மேடையில கசியுது!” என்று ஒரு முயல் கத்தியது.

வாலன் பதறிப்போனது. “இது போச்சுன்னா வரிச்சி அக்காவும் பிள்ளைங்களும் வெள்ளத்தோட வெளியே போயிடுவாங்க! யாராவது வாங்க!”

“அண்ணே, மண்ணு!” என்று செங்காலி கத்தியது.

“இந்தா தங்கச்சி! களியைப் பூசு!” என்றது தொப்பையன்.

அண்ணே! தங்கச்சி! எப்போது வந்தது இந்த உறவு? யோசிக்க யாருக்கும் நேரமில்லை. செங்காலியின் மீசை நனைந்து தொங்கியது. தொப்பையன் புங்கங்காய்களைக் கழற்றாமலே மண்ணை வாரியது. அணிலும் நத்தையும் முயலும் தவளையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மண் சுமந்தன. கசிவு நின்றது. கரையும் நின்றது.

மறுநாள் குளம் தளும்பியது. வரிச்சி கரையோரம் நீந்தி வந்தது.

“அக்கா, கூத்து எப்படி?” என்று ஆவலாகக் கேட்டது வாலன்.

“மடுவுக்குள்ள இருந்த எனக்கு என்ன தெரியும் தம்பி? சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. திடீர்னு அதுவும் நின்னுபோச்சு. பயந்துட்டேன்.”

வாலனின் முகம் வாடிப்போயிற்று. யாருக்காகக் கூத்துக் கட்டியதோ அந்த அக்கா பார்க்கவில்லையே! செங்காலியிடமும் தொப்பையனிடமும் ஓடிப்போய்ச் சொன்னது.

“அதுக்கென்ன, இப்பவே ஆடுவோம்!” என்றன இரண்டும்.

இந்தத் தடவை தண்ணீரைப் பார்த்து ஆடின. கரையில் நண்டு எந்தப் பக்கம், பெருச்சாளி எந்தப் பக்கம் என்று தெரியாதபடி எல்லாம் கலந்து உட்கார்ந்திருந்தன. சிவப்புக் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்து பார்த்தன. தொப்பையனின் நடையைப் பார்த்து வரிச்சி குமிழி குமிழியாகச் சிரித்தது.

கரை உடையும் இடம் வந்ததும் செங்காலி தயங்கி நின்றது. “அக்கா, இதை விட்டுடலாமா? பிள்ளைங்க பயப்படும்.”

“வேணாம்மா, அதையும் ஆடுங்க,” என்றது வரிச்சி. “நீங்க ரெண்டு பேரும் ஏன் தோண்டுனீங்கன்னு என் பிள்ளைங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

இரண்டும் ஆடின.

அடுத்தவர் வேஷத்தைக் கட்டி ஆடி, அடுத்தவர் வாயால் தன் கதையைக் கேட்கிற ஊர் ஒருநாளும் பிரிந்து கிடக்காது.