ஒன்பது கிளவுஸ்

“எங்க புள்ளைய ஓட்டத்துல ஒண்ணும் குறைச்சல் இல்ல மேடம். விடியுமுன்ன கிரவுண்டுக்கு வந்துருதாளுவ. பெறகு ஏன் வருசா வருசம் உங்ககிட்ட வந்து மண்ணைக் கவ்வுதோம்?”

கேட்டவள் சங்கரேஸ்வரி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மாநில சாஃப்ட்பால் போட்டியில் போன வாரம் அவளுடைய பெண்கள் முதல் ஆட்டத்திலேயே பூஜ்யத்துக்குப் பதினொன்று என்று தோற்றிருந்தார்கள். தோற்கடித்தது ஈரோட்டுப் பக்கத்து அணி. அந்த அணியின் கோச்சைத் தேடித்தான் பஸ் மாறி மாறி வந்திருந்தாள்.

கோச்சின் பெயர் கோகிலவாணி. மைதானத்து ஓரத்தில் நின்று மட்டையின் பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். வயதில் சங்கரேஸ்வரியைவிடச் சின்னவள். வழி கேட்டு வந்த இடத்தில் அது வேறு உறுத்தியது.

“உக்காருங்கக்கா. சாப்டீங்களா?”

“சாப்பாடு கெடக்கட்டும் மேடம். அடுத்த வருசமும் மொத ரவுண்டுல தோத்தா டீமையே கலைச்சிருவேன்னு எங்க எச்.எம். சொல்லிட்டாங்க. சாமானைப் பூரா வேற ஸ்கூலுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்களாம். எனக்கு ஒறக்கமே இல்ல.”

கோகிலவாணி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் என்ன வித்தியாசம்னு நீங்க நெனைக்கறீங்க?”

கேட்டதுதான் தாமதம், சங்கரேஸ்வரி கொட்டித் தீர்த்துவிட்டாள். மேற்கே மில் இருக்கிறது, மில்காரர்கள் சாமான் வாங்கித் தருகிறார்கள். மேற்கே மைதானத்தில் புல் இருக்கிறது, தெற்கே விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். மேற்கத்திப் பிள்ளைகளுக்கு வீட்டில் முட்டை கிடைக்கிறது. காற்றில்கூட ஏதோ இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குப் போனாள். பேசும்போது ஓரிடத்தில் நிற்கவில்லை. முந்தானையில் பின் குத்தியிருந்த ஒரு சாவியை விரல்கள் திருகிக்கொண்டே இருந்தன.

“அதென்ன சாவிங்க்கா?”

“கிளவுஸ் பீரோ சாவி. பவுடர் போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். போட்டிக்கு மட்டுந்தான் வெளிய எடுப்பேன். மத்த நாளு ரப்பர் பந்து, வெறுங்கை. வாங்கி மூணு வருசம் ஆச்சு, ஒரு கீறல் கெடையாது.”

பெருமையாகத்தான் சொன்னாள். தன் கல்யாணப் பட்டுச்சேலையைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. நம்பமாட்டார்களோ என்று ஒரு கிளவுஸைப் பையில் எடுத்தும் வந்திருந்தாள்.

கோகிலவாணி அதை வாங்கி இடக்கையில் மாட்டினாள். பந்தை மேலே எறிந்து ஏந்தினாள். புழங்காத தோல் மடங்க மறுத்தது. பந்து உள்ளே பட்டுத் தெறித்துத் தரையில் உருண்டது.

அவள் பந்தை எடுக்கப் போகவில்லை. கிளவுஸைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

சங்கரேஸ்வரிக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் புத்திசாலி, சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

“சரி மேடம். இனிமே தெனமும் எடுத்துக் குடுக்கேன். அது போதுமா?”

“வருசத்துக்கு எத்தன மேட்ச் ஆடறீங்க?”

“மாவட்டத்துல ஒண்ணு. ஜெயிச்சா மாநிலத்துல ஒண்ணு.”

“நாங்க வாராவாரம் ஆடறோமுங்க.”

“வாராவாரம் ஜெயிப்பீங்க.”

“வாராவாரம் தோப்போமுங்க.”

சங்கரேஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. இவள் விடுகதை போடவா இத்தனை பஸ் ஏறி வந்தேன் என்று மனதுக்குள் வைதாள்.

“உங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துல ஸ்கூலு, மேடம். எங்க பக்கம் சாஃப்ட்பால் ஆடுத இன்னொரு ஸ்கூலைப் பாக்கணும்னா அரை நாள் பஸ்ஸு. நாங்க யாரு கூட மேட்ச் ஆட? நீங்களே சொல்லுங்க.”

கோகிலவாணி விசிலை எடுத்து ஊதினாள்.

“இருந்து ஒரு மேட்ச் பாத்துட்டுப் போங்கக்கா.”

இரண்டு அணிகள் இறங்கின. சங்கரேஸ்வரி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முதல் அணி பந்து பிடித்தது. மட்டை பிடித்தவர்களில் மூன்று பேர் அவுட் ஆனதும், பந்து பிடித்த அணி மட்டை பிடிக்க உள்ளே ஓடியது. ஓடும்போது ஆளுக்கு ஆள் கிளவுஸைக் கழற்றி, நின்ற இடத்திலேயே தரையில் போட்டுவிட்டு ஓடினார்கள். அடுத்த அணி வந்து, வியர்வை காயாத அதே கிளவுஸுக்குள் கையை நுழைத்துக்கொண்டு நின்றது.

அவள் எண்ணினாள். அணிக்கு ஒன்பது பேர், இரண்டு அணிக்கும் சேர்த்து ஒன்பதே கிளவுஸ். ஒன்றில் செருப்புத் தைக்கும் நூலால் தையல் போட்டிருந்தது. மில்லைப் பற்றித் தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து காது சூடானது.

எதிர் அணியில் மட்டை பிடித்த ஒரு பெண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்ற கடுப்போடுதான் ஊர் திரும்பினாள். வழி நெடுக அந்தக் கடுப்பு தீரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பீரோவைத் திறந்தாள். ஒன்பது பேருக்கும் கிளவுஸ் கொடுத்தாள். கேப்டன் அனுஷியா, வாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் டீச்சர் முகத்தையே பார்த்தாள்.

“இன்னைக்குப் போட்டி இல்லியே டீச்சர்?”

“போடு சொல்லுதேன்.”

ஒன்பது பேர் மைதானத்துக்குள் நின்றார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் முள்வேலிக்கு அந்தப் பக்கம் போனார்கள். பள்ளி திறந்த முதல் வாரமே சங்கரேஸ்வரி ஒன்பது பேரைப் பொறுக்கிவிடுவாள். கழிக்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகமாட்டார்கள். பந்தாவது பொறுக்குகிறோமே டீச்சர் என்பார்கள். சரி, பொறுக்குங்கள் என்று விட்டிருந்தாள்.

விறைத்த கிளவுஸில் பந்து நிற்கவில்லை. ஒன்று அனுஷியாவின் கையில் பட்டுத் தெறித்து, வேலி தாண்டிக் கருவேலம் புதருக்குள் போனது.

“எறி புள்ள” என்று சங்கரேஸ்வரி கத்தினாள்.

புதருக்குள்ளிருந்து மாரிக்கனி நிமிர்ந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பந்து பொறுக்குகிறவள். முழங்கையில் முள் கீறியிருந்தது. அவள் அங்கிருந்தே எறிந்தாள்.

பந்து தரை தொடாமல் நேரே வந்தது. சங்கரேஸ்வரி வெறுங்கையால் பிடித்தாள். உள்ளங்கை தீயாய் எரிந்தது.

எரிகிற கையோடு அப்படியே நின்றாள். ஈரோட்டில் எதிர் அணியில் மட்டை பிடித்த அந்தப் பெண் யாரென்று இப்போது நினைவுக்கு வந்தது. மாநிலப் போட்டியில் கோகிலவாணியின் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தவள். அப்படியானால் அன்று ஆடிய இரண்டு அணியும் ஒரே பள்ளி.

 வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைச் சங்கரேஸ்வரி ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ணினாள். ஒன்பதுக்கு மேலேயே இருந்தார்கள்.

“கிளவுஸக் கழத்தி அங்கனயே போட்டுட்டு எல்லாரும் உள்ள வாங்க. மேட்ச் ஆடப் போறோம்.”

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்டி வைத்த கிளவுஸை மண்ணில் போடச் சொல்கிறாரே என்று அனுஷியாவுக்குப் பயமாகிவிட்டது. மெல்ல, நோகாமல் தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

“எந்த ஸ்கூலு கூட டீச்சர் மேட்ச்சு? யாரையும் காணோமே?”

சங்கரேஸ்வரி வேலிப் பக்கம் கையைக் காட்டினாள்.