மார்த் பார்த்த முகம்

படங்கள் ஊமையாக இருந்த காலம் அது. பாரிஸ் நகரத்தின் ஓரத்தில், கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பழைய கொட்டகையில், லூசியென் என்ற அம்மையார் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்த ஊரில் கொஞ்சம் பேர் சினிமாப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். கேமரா இருப்பது கதை சொல்வதற்கு இல்லை, மனசுக்குள் நடப்பதைக் காட்டுவதற்கு என்பது அவர்கள் கட்சி. அழுகிறவளின் பார்வையைக் காட்ட லென்ஸ் மேல் மெல்லிய துணியைக் கட்டுவார்கள். குடிகாரனின் தலைசுற்றலைக் காட்ட கேமராவை ஊஞ்சலில் ஏற்றி ஆட்டுவார்கள். காசு போட்டவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். லூசியென் அம்மையார் அந்தக் கூட்டத்தில் முக்கியமான ஆள்.

அவருடைய சீடன் தனிஸ்லாஸ், காரைக்கால்காரன். பெரிய யுத்தத்துக்கு பிரெஞ்சுப் பட்டாளத்தோடு வந்தவன், பிறகு ஊர் திரும்பவில்லை. குருவைவிட அவனுக்கு வயது கூடுதல். அதில் அவனுக்குக் கூச்சம் இல்லை. இத்தனை வயதுக்கும் இன்னொருவர் படத்துக்குக் கைப்பிடி சுற்றிக்கொண்டிருக்கிறோமே என்பதில்தான் கூச்சம்.

அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் மாறினால் படம் கெட்டுவிடும். தனிஸ்லாஸ் தன் ஊர்த் தேர்பவனியில் பாடும் மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவான். கை பிசகவே பிசகாது.

லூசியென் அம்மையாருக்கு ஒரு விதி உண்டு. ஒரு முகத்தைக் காட்டினால், அடுத்து அந்த முகம் எதைப் பார்த்தது என்பதையும் காட்டியாக வேண்டும். "இல்லாவிட்டால் அந்த முகத்தை நாம் திருடிவிட்டோம் என்று அர்த்தம்" என்பார்.

அந்த வருஷம் எடுத்த படத்தில் ஒரு மீனவன் மனைவி. கடலுக்குப் போன கணவன் இனி வரமாட்டான் என்பது, ஜன்னலருகே நிற்கும்போது அவளுக்குப் புரிகிறது. அந்த ஒரு முகத்தில்தான் படமே நிற்கிறது. நடித்தவள் பெயர் மார்த். எவ்வளவு முயன்றும் அவளுக்கு அது வரவில்லை.

"மதாம், முகத்தில் உண்மை எப்படி வரும்?" என்று தனிஸ்லாஸ் கேட்டான்.

"காத்திருந்தால் வரும்."

"வராவிட்டால்?"

"இன்னும் காத்திருக்கலாம்."

இதெல்லாம் ஒரு பதிலா என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் அம்மையாருக்கு வெளியே வேலை இருந்தது. "கேமரா உங்கள் பொறுப்பு. மார்த்துக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிச்சம் அருமையாக இருந்தது. மார்த் ஜன்னலருகே நின்றாள். ஒன்றும் வரவில்லை. தனிஸ்லாஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். மார்த்துக்கு நிஜத்தில் ஒரு மகன் இருந்தான். வடக்குக் கடலில் மீன்பிடிக் கப்பலில் வேலை.

கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னான்.

"மார்த், காலையில் தந்தி வந்தது. உங்கள் மகனுடைய கப்பல் கரைக்குத் திரும்பவில்லையாம்."

மார்த் அவனைப் பார்த்தாள். உதடு ஏதோ சொல்லப் பார்த்தது. பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். தனிஸ்லாஸ் பாட்டை முணுமுணுத்தபடி சுற்றிக்கொண்டே இருந்தான். ஃபிலிம் தீர்ந்த பிறகுதான் கையை எடுத்தான்.

"பொய்தான், மார்த். தந்தி எதுவும் இல்லை. படத்துக்காகச் சொன்னேன்."

அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஷாட்டைத் திரையிட்ட அன்று, கொட்டகைக்கு வந்திருந்த நண்பர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். லூசியென் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி வந்தது, தனிஸ்லாஸ்?"

"காத்திருந்தேன், மதாம்."

அம்மையார் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அடுத்த படம் உங்களுடையது. நீங்களே எடுங்கள்."

இத்தனை வருஷம் அவன் ஏங்கியது இந்த வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது. ஆனால் கைதட்டியவர்களின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தன் கையைப் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது. அவள் சரிந்து விழுந்தபோது அந்தக் கை ஒரு சுற்றுகூடத் தடுமாறவில்லையே! அதுவும் மாதா பாட்டைப் பாடிக்கொண்டு.

மறுநாள் காலையில் அம்மையாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். "அந்த ஷாட்டை எரித்துவிடலாம், மதாம்."

அம்மையார் கேட்டார்: "எரித்தால் உங்களுக்கு நிம்மதி. மார்த்துக்கு என்ன?"

"அந்த அடுத்த படமும் எனக்கு வேண்டாம்."

"அதை இப்போது யார் கேட்டது? மார்த்தை வரச் சொல்கிறேன். இன்னும் ஒரு ஷாட் பாக்கி இருக்கிறது. அவள் முகம் எதைப் பார்த்தது என்று நாம் எடுக்கவில்லை."

மார்த் வந்தாள். அம்மையார் கேமராவை ஜன்னலருகே, அன்று அவள் நின்ற இடத்தில் வைத்தார். கைப்பிடியை அவள் கையில் கொடுத்தார். தனிஸ்லாஸை எதிரே, அன்று அவன் நின்ற இடத்தில் நிறுத்தி, அவன் முன்னால் ஃபிலிம் போடாத ஒரு காலிக் கேமராவை வைத்தார்.

"அன்று செய்ததையே செய்யுங்கள். சொன்னதையே சொல்லுங்கள்."

மார்த் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். வேகம் ஏறி இறங்கியது.

"தனிஸ்லாஸ், அன்று நான் விழுந்தபோது ஒரு பாட்டுப் பாடினீர்களே, அதைச் சொல்லிக்கொடுங்கள். கை சீராகச் சுற்ற வேண்டும்."

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. வேலைக்காகத்தான் கேட்டாள். அவன் இரண்டு வரி பாடினான், அதற்கு மேல் பாடவில்லை. அவளுக்கு அந்த இரண்டு வரி போதுமானதாக இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்தாள்.

"மார்த், காலையில் தந்தி..." என்று தொடங்கினான். மேலே வரவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டான். மூக்கும் கண்ணும் ஒழுகின.

"மாதாவே, என்ன காரியம் பண்ணிட்டேன்! என்னைய மன்னிச்சிரு தாயே!" என்று தமிழில் அரற்றினான்.

மார்த் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள். "என்ன சொல்கிறீர்கள்?"

"எங்கள் ஊர்ப் பேச்சு. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன்."

"மாதாவிடமா?" என்றாள் மார்த்.

அவனுக்குச் சுருக்கென்றது. பிறகு அவள் பெயரைச் சொல்லி, அவள் மொழியில் மன்னிப்புக் கேட்டான்.  மார்த்தின் கை தடுமாறவில்லை. ஃபிலிம் தீரும்வரை சுற்றினாள்.

தனிஸ்லாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெஞ்சு கொஞ்சம் லேசானது போல இருந்தது. குருவைத் திரும்பிப் பார்த்தான்.

"மதாம், இப்போது என் முகத்தில் வந்தது உண்மைதானே?"

"உண்மைதான்" என்றார் அம்மையார். "ஆனால் இந்த ஷாட் உதவாது."

"ஏன்?"

"அன்று மார்த் பார்த்தது இந்த முகத்தை இல்லை. பொய்யைச் சொல்லிவிட்டுப் பாட்டோடு சுற்றிக்கொண்டிருந்த முகத்தை."

அவன் காது மடல்வரை சூடேறியது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த முகம் எனக்கு இனிமேல் வராது, மதாம்."

மார்த் கேமராவைத் திறந்து புது ஃபிலிமைப் போட்டாள். லூசியென் அம்மையார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"காத்திருந்தால் வரும்."