இருளாயி அரித்தெடுத்த ஆங்கிலம்

எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த உம்மைத்தான் ஐயா சொல்கிறேன். பேரைச் சொல்லி நாலு பேர் முன்னால் உம்மைக் குனிய வைக்க நான் வரவில்லை. பேர் உமக்கே தெரியும். ஆங்கிலச் சொல்லுக்குள் மூட்டு இருக்கிறது, கழற்றலாம், மாட்டலாம் என்று உமக்குத் தெரியும். தெரிந்தும் எங்களிடம் மறைத்தீர். ஒவ்வொரு சொல்லையும் முள்ளோடு முழுசாக விழுங்கச் சொன்னீர். தொண்டையில் சிக்கித் தவித்தவனைப் பார்த்து, உனக்கெல்லாம் இது ஏறாது என்று சிரித்தீர். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்தக் கதை. பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். நீரும் எங்கே இருந்தாலும் நின்று கேளும்.

கடல் இப்போது இருக்கும் இடத்துக்கு மூன்று காதம் அப்பால் கிடந்த காலத்தில், மீன்களுக்குக்கூட ராணியின் பெயர் தெரிந்திருந்த காலத்தில், பவளத்துறை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. தூர தேசத்துக் கப்பல்கள் அங்கே வந்து நிற்கும். கப்பல்காரர்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் புரியும். ஆங்கிலச் சொல்லோ ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் கிடைக்கும். அதுதான் மந்திரவாதி நெடுநாவனின் சொல்பட்டறை.

நெடுநாவன் உலையில் செம்பை உருக்கிச் சொற்களாக அடுக்கி வைத்திருப்பான். காதருகே வைத்தால் சொல் ஒலிக்கும். வாயிலிட்டுச் சொன்னால் பலிக்கும். 'ஹோப்' என்றால் நம்பிக்கை. விலை ஒரு முத்து. 'ஹோப்ஃபுல்' என்றால் நம்பிக்கை நிறைந்தது. அது வேறு சொல், இரண்டு முத்து. 'ஹோப்லெஸ்' என்றால் நம்பிக்கை அற்றது. அதுவும் வேறு சொல், அதற்கும் இரண்டு முத்து. மூன்றும் ஒரே சாடையாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், முழ நீள நாக்கைச் சுழற்றிக்கொண்டு நெடுநாவன் மூன்று விஷயம் சொல்வான். சொல் ஒரே வார்ப்பு. சொல்லுக்கு மூட்டு கிடையாது. சொல்லின் உள்ளே பார்க்க உங்களுக்கு யோக்கியதை கிடையாது.

ஊரும் நம்பியது. முத்தைக் கொடுத்தது, சொல்லை வாங்கியது.

அந்தப் பட்டறை வாசலில் இருளாயி மண் அரித்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு உள்ளே இருப்பது பட்டறைக்காரனுடையது. கூட்டி வாசலில் தள்ளுகிற குப்பை மண் அரிக்கிறவளுடையது. அது பவளத்துறையின் பழைய வழக்கம். மண்ணை மரச்சட்டியில் அள்ளி, கடல் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினால் மண் ஓடிவிடும், செம்புத்துகள் அடியில் தங்கும். அதுதான் அவள் பிழைப்பு. கோபக்காரி. பேரத்தில் அவளை ஜெயித்தவர் இல்லை. அவள் வருவதைப் பார்த்தாலே கத்தரிக்காய்க்காரன் கூடையை மூடிவிடுவான். யாராவது முறைத்தால் அவள் சொல்வது இதுதான்: "மண்ணு என்னோடது, சட்டி என்னோடது, தண்ணி கடலோடது. உனக்கென்ன வந்துச்சு?"

அவள் புருஷன் சங்கிலி முத்துக் குளிக்கிறவன். மூச்சு நீளம், பேச்சு குட்டை. தூரக் கடலில் குளிக்க ஆள் தேடி ஒரு கப்பல் வந்தது. போகிறவன் திரும்பி வருவேன் என்று ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்தால்தான் ஏற்றுவேன் என்றான் கப்பல் தலைவன். அதற்கான சொல் 'ரிடர்ன்'. விலை மூன்று முத்து. சங்கிலியிடம் இருந்ததோ இரண்டு. பெண்டாட்டியை அழைத்துப் போயிருக்க வேண்டும். தானே பேரம் பேசப் போனான்.

"ரெண்டு முத்துக்கு ரெண்டு முத்து அளவுதான் கிடைக்கும்" என்றான் நெடுநாவன். சொல்லின் தலையைப் பட்டென்று ஒடித்து மூலையில் எறிந்தான். மிச்சத்தை நீட்டினான். மிச்சம் 'டர்ன்'. அது திரும்புகிற, சுழல்கிற சொல். சங்கிலிக்கு அது தெரியாது. வாயிலிட்டுச் சொன்னான். சொன்னதும் பாதங்கள் செம்பாயின. உடம்பு தரையை விட்டு எழும்பியது. பட்டறைக் கூரையின் உச்சிக் கம்பத்தில் போய் நின்று, காற்றாடி மாதிரி சுழல ஆரம்பித்தான்.

இருளாயி பட்டறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். நெடுநாவன் நிதானமாகக் கணக்குச் சொன்னான். முதல் நாள் செம்பு முழங்காலுக்கு ஏறும். இரண்டாம் நாள் இடுப்புக்கு ஏறும். மூன்றாம் நாள் பொழுது சாயும்போது கழுத்தைத் தாண்டும், அப்புறம் அவன் வெறும் செம்பு. இறக்கிவிட நூறு முத்து. நூறு முத்தை அவள் கனவில்கூடப் பார்த்ததில்லை.

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். முகம் தெருப்பக்கம் வரும்போது மட்டும்தான் சங்கிலியால் அவளோடு பேச முடிந்தது.

"இருளாயி..." என்றான். ஒரு சுற்றுப் போனது. "கோவிச்சுக்காத..." இன்னொரு சுற்று. "அந்த ரெண்டு முத்தையும்..." இன்னொரு சுற்று. "அவனே வச்சுக்கிட்டான்."

"அதை முதல்லயே சொல்லியிருந்தா மூணு சுத்து மிச்சம்யா" என்றாள் அவள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அழுதுகொண்டிருந்தால் வேலை ஆகாது. அன்றைக்குப் பட்டறையிலிருந்து தள்ளிய குப்பையை அள்ளினாள், அலசினாள். எத்தனையோ வருஷமாகச் சட்டியின் அடியில் தங்கிய சில்லுகளை எடை பார்த்து விற்றிருக்கிறாள், உற்றுப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள். ஒரே மாதிரிச் சில்லு பத்து இருந்தது. இன்னொரு மாதிரி ஏழு இருந்தது. காதருகே வைத்தாள். பத்தும் 'அன்' என்றன. ஏழும் 'லெஸ்' என்றன. வேறு சில 'ஃபுல்' என்றன. வேறு சில 'ரி' என்றன.

ஒவ்வொரு சொல்லும் ஒரே வார்ப்பு என்றால், ஒரே சில்லு ஏன் பத்துத் தடவை உடைந்து விழ வேண்டும்? சட்டை தைக்கிறவன் வீட்டுக் குப்பையில் பொத்தான் கிடக்கிறது என்றால், அவன் பொத்தானைத் தனியாகத்தான் தைக்கிறான் என்று அர்த்தம். இருளாயி சில்லுகளை மூன்று குவியலாகப் பிரித்தாள். முன்னால் மாட்டுகிற தலை ஒரு குவியல். நடுவில் நிற்கிற உடல் ஒரு குவியல். பின்னால் மாட்டுகிற வால் ஒரு குவியல். எல்லாவற்றின் ஓரத்திலும் மெல்லிய பள்ளம் இருந்தது. மூட்டு.

பக்கத்தில் உப்பு விற்கிற மாடத்தி, மழையில் மூட்டை கரைந்துபோய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இருளாயி 'ஹோப்' என்ற உடலில் 'லெஸ்' என்ற வாலை மாட்டி, வாயிலிட்டு அவளைப் பார்த்துச் சொன்னாள். மாடத்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஐயையோ என்று வாலைக் கழற்றி 'ஃபுல்'லை மாட்டிச் சொன்னாள். மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், கொண்டையை இறுக்கி முடிந்தாள், மிச்சமிருக்கிற உப்பைக் காயவைத்தால் பாதி தேறும் என்றாள். உடல் அதேதான். மாறியது வால் மட்டும்.

"அடிப்பாவி, என்னை வச்சா சோதனை பண்ணுன?" என்றாள் மாடத்தி.

இருளாயிக்கு அப்போது வந்தது சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக ஊரிடம் முத்து வாங்கியது ஒரு வாலை மாட்டுவதற்கா?

இரண்டாம் நாள் 'ரி' சில்லை எடுத்துக்கொண்டு கூரைக்கு நேரே நின்றாள். சங்கிலி இடுப்புவரை செம்பாகியிருந்தான். வேகமும் கூடியிருந்தது. அவன் வாயிலிருந்து 'டர்ன்' 'டர்ன்' என்று சொல் விழுந்துகொண்டே இருந்தது. அவள் 'ரி' என்று கூவினாள். அதற்குள் அவன் முகம் கடல்பக்கம் போய்விட்டது. ஓடிப்போய்க் கடல்பக்கம் நின்று கூவினாள். முகம் தெருப்பக்கம் வந்துவிட்டது. தலையும் உடலும் நேருக்கு நேர் சந்தித்தால்தான் மூட்டு விழும். ஒருத்தி எத்தனை பக்கம் நிற்பாள்?

அவள் ஓடுவதை நெடுநாவன் பார்த்துவிட்டான். சில்லுகளைத் திருடிவிட்டாள் என்று ராணி மங்கலதேவியிடம் இழுத்துப் போனான். இருளாயி கும்பிட்டாள், ஆனால் குனியவில்லை. மண்ணு என்னோடது, சட்டி என்னோடது, தண்ணி கடலோடது என்று அங்கேயும் சொன்னாள். ராணி யோசிக்கவே இல்லை. வாசலுக்கு வந்த குப்பை அரிக்கிறவளுடையது, அதில் செம்பு இருந்தாலும் சொல் இருந்தாலும் அவளுடையதே என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் நெடுநாவனே வாசலுக்கு வந்தான். நாக்கைச் சுருட்டி வைத்துக்கொண்டு தேனாகப் பேசினான். சில்லுகளைக் கடலில் கொட்டிவிட்டு, மூட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தால் இருபது முத்துத் தருவதாகச் சொன்னான். அவள் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பட்டறைக்குள்ளேயே அவளுக்கு ஒரு ஆசனம் போட்டுத் தருவதாகச் சொன்னான். அவள் திரும்பி நடந்தாள்.

"சரி, உன் புருஷனையே இறக்கித் தரேன்" என்று பின்னால் வந்தான். "ஒரு முத்துகூட வேண்டாம். வாயை மட்டும் மூடிக்க."

இருளாயி நின்றாள். கூரையைப் பார்த்தாள். செம்பு சங்கிலியின் நெஞ்சைத் தாண்டிக் கழுத்தில் பளபளத்தது. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் இறங்கிவிடுவான். நாளைக்கு மாடத்தி புருஷன் ஏறுவான். அடுத்த நாள் வேறொருத்தி புருஷன்.

அவள் வாழ்க்கையில் படித்த பாடம் ஒன்றே ஒன்று. பின்னாலேயே ஓடிவந்து விலையைக் குறைக்கிறவன் பயந்துபோயிருக்கிறான்.

"நூறு முத்துல ஆரம்பிச்சு ஒண்ணுமில்லைங்கிற வரைக்கும் இறங்கிட்ட" என்றாள். "அப்ப என் வாய்க்கு எவ்வளவு மதிப்புன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. என் புருஷனை நானே இறக்கிக்கிறேன். நீ உள்ள போ."

நேரே உப்புத் துறைக்குப் போனாள். மாடத்தி ஊரைக் கூப்பிட்டாள். உப்புக்காரிகள் வந்தார்கள், வலை பின்னுகிறவர்கள் வந்தார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். ஒரு கத்தரிக்காயைக்கூடச் சும்மா கொடுக்காத இருளாயி, சட்டியைக் கவிழ்த்துச் சில்லுகளை எல்லாம் சும்மா கொடுத்தாள். சில்லு கிடைக்காதவர்களுக்குச் சத்தத்தைச் சொல்லிக்கொடுத்தாள். இது தலை, இது உடல், இது வால், இது மூட்டு என்று பத்துப் பேருக்குச் சொன்னாள். பத்துப் பேர் நூறு பேருக்குச் சொன்னார்கள். யாருக்கும் ஏறாமல் போகவில்லை. ஒருவருக்குக்கூட.

பட்டறையைச் சுற்றி நாலு பக்கமும் ஊர் வளையமாக நின்றது. சூரியன் தண்ணீரைத் தொட்டது. இருளாயி கையை உயர்த்தினாள். தெருப்பக்கம் 'ரி' என்றது, கடல்பக்கம் 'ரி' என்றது, உப்பளத்துப் பக்கமும் தோப்புப் பக்கமும் 'ரி' என்றன. இப்போது சங்கிலியின் முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு தலை காத்திருந்தது. 'டர்ன்' என்று அவன் வாய் திறந்தது.

மூட்டு விழுந்தது. 'ரிடர்ன்' என்று ஆகாயமே சொன்னது.

சங்கிலி நின்றான். செம்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. இறகு இறங்குவது போல இறங்கி, பெண்டாட்டி முன்னால் வந்து நின்றான். தலை சுற்றுகிறது, பிடித்துக்கொள் என்றான். அவள் பிடித்துக்கொண்டாள், எல்லார் முன்னாலும் திட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டாள்.

நெடுநாவன் உள்ளே ஓடித் தாழ்ப்பாளைப் போட்டான். மாடத்திதான் முதலில் கேட்டாள், 'லாக்' என்றால் பூட்டு, அதன் முன்னால் 'அன்' மாட்டினால் என்ன ஆகும் என்று. ஊரே சேர்ந்து 'அன்லாக்' என்றது. கதவு படீரென்று திறந்தது. உள்ளே அடுக்கியிருந்த சொற்கள் எல்லாம் மூட்டுக் கழன்று கலகலவென்று தரையில் கொட்டின. நெடுநாவனின் முழ நீள நாக்கு எல்லாருக்கும் இருக்கிற நாக்கு அளவுக்குச் சுருங்கியது. அத்தோடு மந்திரம் தீர்ந்தது.

என்ன வேண்டும் என்று ராணி கேட்டாள். பட்டறைக்குக் கதவே இருக்கக் கூடாது என்றாள் இருளாயி. கதவைக் கழற்றினார்கள். அன்றிலிருந்து பவளத்துறையில் உப்புக்காரியும் தலை, வால் மாட்டிச் சொல் பூட்டினாள், மூட்டை தூக்குகிறவனும் சொல் பூட்டினான். இருபது தலை, முப்பது வால், நூறு உடல். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டி ஆயிரம் சொல் பேசினார்கள். சங்கிலி தன் கையாலேயே பூட்டிய சொல்லைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினான், சொன்ன நாளில் திரும்பி வந்தான். இந்தப் பெண் யார் என்று கப்பல் தலைவன் கேட்டபோது, இருளாயி 'ஃபியர்' என்ற உடலை எடுத்தாள், 'லெஸ்' என்ற வாலைப் பூட்டினாள், நெஞ்சை நிமிர்த்தி அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஃபியர்லெஸ். அச்சம் இல்லாதவள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

கதை அவ்வளவுதான். இனி உம்மிடம் வருகிறேன் ஐயா. உம் பேச்சைக் கேட்டு, தங்களுக்கு மூளை இல்லை என்று நம்பி, பாதியில் எழுந்து போனவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒருவர் டீ ஆற்றுகிறார், ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் இதை உமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொருவரையும் தேடிப் போம். ஒரு சொல்லை அவர்கள் கண் முன்னால் கழற்றிக் காட்டும், அவர்கள் கையாலேயே பூட்டச் சொல்லும். ஏறாதது அவர்கள் குற்றமில்லை, மறைத்தது என் குற்றம் என்று உம் வாயால் சொல்லும். வேறெதிலும் நான் பேரம் பேசுவேன், இதில் பேச மாட்டேன். எழுந்திரும் ஐயா, இன்றைக்கே புறப்படும்.