உள்ளே விட்ட துணி

ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பக்கத் தையலுக்கு அப்பால் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடங்கிக் கிடக்கும். இசக்கியம்மாளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஐம்பது வயதுக்குமேல் தையல் பழக வந்தவள். தைத்து முடித்ததும் அதை ஒட்ட நறுக்கப் போவாள்.

“யக்கா, அதுல கத்திரி வைக்காதீங்க” என்பாள் அமலா டீச்சர்.

“அசிங்கமால்ல இருக்கு டீச்சர்?”

“உள்ள யாரு பாக்கப் போறா? கிடக்கட்டும்.”

டீச்சருக்கு இசக்கியின் மூத்த மகள் வயதுதான். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தானே. இசக்கி கத்திரியைக் கீழே வைத்துவிடுவாள், முணுமுணுத்துக்கொண்டே.

இப்போது அந்த டீச்சர் ஆஸ்பத்திரியில், கண்ணாடி போட்ட தனி அறைக்குள் இருந்தாள். கழுத்து நிணநீர்க் கட்டியில் வந்த புற்று ஒருமுறை மருந்துக்கு அடங்கி, மறுபடி தலைதூக்கியிருந்தது. அதைத் திரும்பவும் அடக்கி, அவள் ரத்தத்திலிருந்தே, புது ரத்தம் ஊறவைக்கும் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து உறையவைத்தார்கள். பிறகு உக்கிரமான மருந்தை ஏற்றினார்கள். அது மிச்சமிருந்த நோயோடு, எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தையும் சேர்த்து வழித்துவிட்டது. எடுத்துவைத்ததை நாளைக்குத் திரும்ப ஏற்றுவார்கள். அது உள்ளே போய் வேர்பிடித்தால் டீச்சர் வீட்டுக்கு வருவாள். பிடிக்காவிட்டால்?

அதற்குமேல் இசக்கிக்கு நினைப்பு ஓடவில்லை. கால்தான் ஓடியது. ஆஸ்பத்திரி நடையில் உட்காருவாள், எழுவாள், ஜன்னல்வரை போவாள், திரும்புவாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் வைப்பாள்.

“யம்மா, ஒரு இடத்துல இருங்களேன். பாக்க எனக்குத் தலை சுத்துது” என்றார் வாசல் காவலாளி.

“அப்போ அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

அந்த வேகத்திலேயே டாக்டரம்மாவை மறித்தாள். “என் ரத்தத்தை எடுத்துக்கிடுங்கம்மா. இதுவரைக்கும் ஒரு மாத்திரை தின்னதில்ல நான்.”

“வேண்டாம்மா. அவங்களோடதே போதும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

இசக்கிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று செல்போனைக் காதில் வைத்தாள். உள்ளே டீச்சரும் எடுத்தாள். தலையில் ஒரு முடி இல்லை. மருந்தில் முகம் உப்பியிருந்தது. சிரிப்பு மட்டும் பழையது.

“என்னக்கா, டாக்டரம்மாகிட்ட மல்லுக்கு நின்னீங்களா?”

“பின்ன? நோய் வந்த உடம்பு டீச்சர் இது. அதுலேர்ந்து எடுத்ததையே திரும்ப அதுக்குள்ள ஏத்துதாங்க. அதை எப்படி நம்புறது?”

டீச்சர் இசக்கியின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

“வீட்டுக்குப் போறப்ப போட என் பழைய ஜாக்கெட்டைக் கேட்டேனே, கொண்டாந்தீங்களா?”

“நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கிய!”

“கொண்டாந்தீங்களா, இல்லையா?”

இசக்கி பையிலிருந்து உருவிக் காட்டினாள். ஒரு காலத்தில் கிளிப்பச்சை. துவைத்துத் துவைத்து, வெயிலில் காய்ந்து, வெளிறிப்போயிருந்தது.

“ஆனா இது உங்களுக்குப் பத்தாது டீச்சர். உடம்பு ஊதிக் கிடக்கே. என் புதுச் சேலையில வெட்டுன துணி இருக்கு, நல்ல பட்டு. ரெண்டு பக்கமும் ஒட்டுக் குடுத்துருதேன்.”

“ஒட்டு வேண்டாம்க்கா. பக்கத் தையலைப் பிரிங்க.”

“இங்கன வச்சா?”

“இங்கனயேதான்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு, கண்ணாடிக்குக் கீழே இருந்த விளிம்பில் வைத்தாள் இசக்கி. பையைத் துழாவி நூல் வெட்டுகிற கத்திரியை எடுத்தாள். ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினாள். ஒரு பக்கம் பிரிந்தது. மறுபக்கமும் பிரிந்தது. மடங்கிக் கிடந்த துணி நிமிர்ந்தது.

அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த அதே பச்சை.

“டீச்சர், இது வேற துணியா?”

“அதே துணிதான்க்கா.”

“பின்ன எப்படி?”

“வெயில் படல.”

இசக்கி வெளிறிய பச்சையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பச்சையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கழுத்தோரம் குழாய் செருகிய டீச்சரைப் பார்த்தாள். பக்கங்கள் பிரிந்த ஜாக்கெட் கையில் தொங்கியது. கால் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியது.

“டீச்சர், முழுசாப் பிரிச்சுட்டேனே. திரும்பச் சேராமப் போச்சுன்னா?”

“பிரிச்சாச்சுல்லக்கா” என்றாள் டீச்சர். “இனி உக்காந்து தச்சுக் குடுங்க.”