சேனாதிபதியோடு என்னை ஏரில் பூட்டிய கதை

புளியங்கோட்டை அரசர் மாறவேளின் சபையில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அரசர் சலிப்பாக இருந்தால் சிரிப்பு மூட்டுவேன். கோபமாக இருந்தால் தூணுக்குப் பின்னால் நிற்பேன். மற்ற நேரமெல்லாம் மடைப்பள்ளிப் பக்கம் தேடினால் கிடைப்பேன். பெயர் செவ்வந்திநாதன். பதவி, அரசரின் ஆலோசகர். என் ஆலோசனையைக் கேட்டு அரசர் எதையாவது செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சேனாதிபதி மழவராயர் எனக்கு நேர் எதிர். பனைமரம் மாதிரி உயரம். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அந்த நாலும் பெரும்பாலும் என்னைத் திட்டுவதற்கே செலவாகும்.

சித்திரையில் நல்லேர் பூட்டும் நாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று அரசரே அரண்மனைக் காளைகளைப் பூட்டி முதல் உழவுச் சால் ஓட்டுவார். ஓட்டி முடித்துவிட்டுப் பந்தலில் வந்து உட்கார்ந்தார். நான் மூன்றாவது குவளைப் பானகத்தில் இருந்தேன். வயிறு நிறைந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மகாராஜா, அந்த ஜோடிக் காளைகளைப் பார்த்தால் என்னையும் சேனாதிபதியையும் பார்ப்பது போலவே இருக்கிறது. ராஜ்ய பாரத்தை நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தானே சேர்ந்து இழுக்கிறோம்!"

மழவராயரின் மீசை துடித்தது.

"நாலு பங்கு பாரத்தில் மூன்று பங்கை நான் இழுக்கிறேன், மகாராஜா. இவன் இழுப்பது ஒரு பங்கு. அதுவும் சந்தேகம். எங்களை ஏரில் பூட்டினால் சால் கோணிக்கொண்டுதான் போகும்!"

அரசருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "பூட்டிப் பார்த்துவிட்டால் போகிறது. எதிர் வரப்பு வரைக்கும் ஒரே சால். நேராக வந்தால் செவ்வந்தி சபையில் இருக்கட்டும். கோணினால் நாளைக்கே ஊரைக் காலி செய்யட்டும்."

எனக்குப் பானகம் புரையேறியது. ஊரைக் காலி செய்தால் நான் போகக்கூடிய ஒரே இடம் மாமனார் வீடு. போன தடவை போயிருந்தபோதே அவர் என் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை இங்கேயே இருந்துட்டா ஒரு மாடு மிச்சம்" என்றார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற மனிதர் அல்ல. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பயத்தில்தான் அவருடைய மாடுகள் நினைவுக்கு வந்தன. ஒன்று கொழுத்த காளை. இன்னொன்று என்னைப் போல. இரண்டையும் ஒரே ஏரில் பூட்டி நேராக ஓட்டுவார். எப்படி என்பதைப் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"மகாராஜா, பூட்டுகிற வேலையையாவது நான் செய்கிறேனே?" என்று கேட்டேன்.

"கட்டிக்கொள்ளட்டும்" என்றார் மழவராயர். குதிரை, யானை, தேர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏரைத்தான் அவர் தொட்டதில்லை.

நுகத்தடியின் இரு முனையிலும் நாங்கள் நின்றோம். இடையில் எட்டுச் சாண். கலப்பையிலிருந்து நீண்டு வரும் ஏர்க்காலை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டினேன். நடுவில் அல்ல, மழவராயர் பக்கமாகத் தள்ளி, அவரிடமிருந்து இரண்டு சாணில் முடிச்சைப் போட்டேன். மேழி பிடிக்க வந்த ஏரோட்டி காத்தான் குனிந்து பார்த்தான்.

"சாமி, முடிச்சு நடுவுலல்ல வரணும்?"

"எங்க மாமனார் வீட்டுல இப்படித்தாம்ப்பா" என்று காதோடு சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். மழவராயரைப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மேழியைப் பிடித்தான்.

ஏர் நகர்ந்தது. பத்தடியில் சேனாதிபதிக்கு வேர்த்தது. முப்பதடியில் மூச்சு வாங்கியது. ஒரு பங்கு பாரம்தான் என்றாலும் எனக்கும் கண் இருட்டியது, அதை மறைப்பானேன்! ஆனால் நுகத்தடி மட்டும் சாயவே இல்லை. சால் நூல் பிடித்த மாதிரி எதிர் வரப்பைத் தொட்டது.

வரப்பில் நின்றுதான் மழவராயர் முடிச்சைக் கவனித்தார். "மோசடி! முடிச்சை என் பக்கம் நெருக்கிப் போட்டு, மூன்று பங்கு பாரத்தை என் தலையில் கட்டிவிட்டான்!"

சாலோடு கூடவே நடந்து வந்திருந்த அரசர் என் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"உண்மை, மகாராஜா. மூன்று பங்கு இழுப்பதாக அவரே சபையறியச் சொன்னாரே. நான் பாதியை இழுத்து, தங்கள் சேனாதிபதியைப் பொய்யர் ஆக்கலாமா? பங்கைப் பற்றி அவர் சொன்னது சரி. சால் கோணும் என்றதுதான் தப்பு."

அரசர் சிரித்தார். "பிழைத்தாய், இரு!" என்றார். பிறகு வழக்கப்படி ஏர் இழுத்த ஜோடிக்கு எட்டு மூட்டை வெல்லம் கொண்டுவரச் சொன்னார். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, "பாதிப் பாதி கிடையாது. உன் முடிச்சு எப்படிப் பிரித்ததோ, அப்படியே பங்கும் பிரியட்டும்" என்றார்.

மழவராயரின் முகம் மலர்ந்தது. ஆறு மூட்டைகளைத் தன் பக்கம் இழுக்கப் போனார்.

"பொறுங்கள்" என்று நுகத்தடியைத் தூக்கிக் காட்டினேன். "முடிச்சு பிரித்தது இந்தத் தடியைத்தான். சேனாதிபதி பக்கம் இரண்டு சாண். என் பக்கம் ஆறு சாண். அவர் இரண்டு மூட்டையை எடுத்துக்கொள்ளலாம், மகாராஜா."

அரசர் சிரித்த சிரிப்பில் காளைகள் மிரண்டன. காத்தான் மேழியை விட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆறு மூட்டையும் என் வீடு வந்து சேர்ந்தது. நான் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்து அப்படியே மல்லாந்து விழுந்ததால், அரசர் கட்டளைப்படி அத்தனையையும் சுமந்து வந்து போட்டவர் மழவராயர்தான்.