ஆளுநர் அழுதார்

“அம்மா, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை,” என்றார் கதிரைவேல்.

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதிரைவேல் அம்மையாரைவிடப் பத்து வயது மூத்தவர். தலைநகரில் ஆளும் கட்சியின் பிரசாரச் செயலாளராக இருந்தவர். அந்த வாழ்க்கை வெறுத்துப்போய்க் குன்றின்மேல் இருந்த அம்மையாரின் ஆசிரமத்துக்கு வந்து அவருக்குச் சீடராகச் சேர்ந்தார். கட்சியை விட்டுவிட்டார். கட்சிக்காரர்களோடும் நிருபர்களோடும் பேசுவதை மட்டும் விட முடியவில்லை.

அந்த நாட்டில் அதிபர் தேர்தல் நெருங்கினால், பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் அம்மையாரைப் பார்க்க வருவார்கள். நிருபர்கள் அடிவாரத்து டீக்கடையில் காத்திருப்பார்கள். யார் அதிக நேரம் மேலே இருந்தார், இறங்கும்போது முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டுக் கட்சிப் பெரும்புள்ளிகள் யார் பக்கம் சாய்வது என்று முடிவு செய்வார்கள். அவர்கள் சாய்ந்ததைப் பார்த்து நிருபர்கள் மறுபடி எழுதுவார்கள்.

சென்ற தேர்தலுக்கு முன் ஆளும் கட்சியிலிருந்து இருவர் வந்தார்கள்.

முதலில் வந்தவர், முன்னாள் தளபதி வீரசிங்கம். நிமிர்ந்த நடை, கனத்த குரல். ஜெயிப்பேனா என்று மட்டும் அம்மையாரிடம் கேட்டார். பிறகு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவர், தெற்கு மாகாண ஆளுநர் பொன்னையா. தனியாக வந்தார். கதிரைவேல் தண்ணீர் கொண்டுபோனபோது, அவர் அம்மையார் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கதிரைவேல் செம்பை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மாலையில் டீக்கடையில் பழைய நண்பரான நிருபர் ஒருவர், உள்ளே ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

“அழுதார்,” என்றார் கதிரைவேல்.

தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்வதில் இருக்கும் ருசி அவருக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, இந்த மனிதர் நெருக்கடியைத் தாங்குவாரா என்று அலசினார்கள். தாங்கமாட்டார் என்று முடிவாயிற்று. பொன்னையா தன் மாகாணத்தில் என்ன செய்தார் என்று ஒருவரும் பேசவில்லை. வீரசிங்கத்துக்குக் கல் மாதிரி முகம், பதவிக்கென்றே பிறந்தவர் என்றார்கள். கட்சி அவரை நிறுத்தியது. அவர் ஜெயித்தார்.

நேற்று, துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போனார்கள். அதிபர் வீரசிங்கம் சுடச் சொன்னார். சாயங்காலம் தொலைக்காட்சியில் பேசினார். குரல் நடுங்கவில்லை. நிருபர்கள் அதையும் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதிரைவேல் இப்போது அம்மையார் முன்னால் நின்றார். காலையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“பார்த்ததைத்தானே சொன்னேன்,” என்றார் மறுபடியும்.

“பொன்னையா ஏன் அழுதார்?” என்று கேட்டார் அம்மையார்.

“தெரியாது.”

“அந்த நிருபர் கேட்டாரா?”

“இல்லை.”

“நீங்கள் என்னைக் கேட்டீர்களா?”

கதிரைவேல் பத்திரிகையை மடித்தார்.

அம்மையார் சொன்னார். வெள்ளத்தில் அணை உடையும் நிலைக்கு வந்தபோது, மதகைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் பொன்னையா. நகரம் பிழைத்தது. கீழே ஒரு கிராமத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆசிரமத்துக்கு வந்த அன்று அவர் உட்கார்ந்து, செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எதையும் பார்த்துப் படிக்கவில்லை. ஒரு குழந்தையின் பெயர் வந்தபோது அழுதுவிட்டார்.

“இன்னொரு முறை அப்படிக் கையெழுத்துப் போட எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டார்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள், அம்மா?”

“உங்களுக்குத்தான் உண்டு என்றேன்.”

கதிரைவேல் சுவரில் சாய்ந்தார். பிறகு அவர் முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது.

“இது மட்டும் வெளியே தெரிந்தால் எல்லாம் மாறிவிடும், அம்மா. வீரசிங்கத்தின்மேல் ஜனங்களுக்கு இப்போது கோபம் இருக்கிறது. பொன்னையாவை மறுபடி கொண்டுவர இதுதான் சமயம். அந்தக் குழந்தை விஷயம் ஒன்றே போதும். நான் இப்போதே இறங்கிப் போய்ப் பேசுகிறேன்.”

அம்மையாரின் கை நின்றது.

“நேற்றுச் செத்தவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள்.”

கதிரைவேல் அவசரமாகப் பத்திரிகையைப் பிரித்தார். சுட்டதால் அடுத்த தேர்தலில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று முழுப்பக்கம் எழுதியிருந்தார்கள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கடுத்த பக்கத்தையும் புரட்டினார்.